இரண்டாம் ஊசி பிந்தினால் முதல் ஊசி வீணா?

கரவெட்டியில் வெங்காய விதை பற்றிப் பேசுவதற்காகக் கூட்டிய ஒரு மாலைக் கூட்டத்தில், விதைப் பேச்சு முடியும் முன்னரே வேறொரு விவாதம் தொடங்கிவிட்டது. வந்திருந்தவர்களிற் பெரும்பாலோர் வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டு பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். தங்கள் காணிக்குத் திரும்ப முடியாமல், வடமராட்சியிற் பிறர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர்கள். அறுவடைக் காலத்தில் வன்னிக்குக் கூலி வேலைக்குப் போய் வருபவர்களும் அவர்களுள் உண்டு.

கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு தாய் கேட்டார்: “பிள்ளைக்கு ரெண்டு மாசத்து ஊசி போட்டது. நாலாம் மாசத்து ஊசி நேரம் நாங்கள் கிளிநொச்சியிலை வெட்டுக்குப் போட்டம். இப்ப பிள்ளைக்கு எட்டு மாசம். முதல் போட்டது வீணோ?”

பக்கத்திலிருந்த மூதாட்டி உடனே, “ஓம் பிள்ளை, அது விட்டுப்போச்சு. முதலிலை இருந்து திரும்பப் போடோணும்” என்றார். தகப்பன்மாரில் ஒருவர், “எட்டு மாசம் வருத்தம் இல்லாமல் வளந்திட்டுது. இனி என்னத்துக்கு?” என்றார். பின்வரிசையிலிருந்து மூன்றாவது யோசனை வந்தது: “விட்ட ரெண்டையும் ஒரே நாளிலை போட்டு முடிச்சால் என்ன?”

மூன்றும் பிழை. ஆனால் இவர்களை நாம் குறைகூற முடியாது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, பாடசாலை மண்டபங்களிற் தங்கியிருந்த தாய்மாருக்கு எமது தொண்டர்களிற் சிலரும், “முதலிலிருந்து தொடங்குங்கள்” என்றுதான் சொன்னார்கள். திரும்பத் தொடங்க வேண்டும் என்று கேட்டதும் மனம் சலித்துப்போன தாய்மார் பின்னர் கிளினிக் பக்கமே வராமல் விட்டதையும் கண்டோம். அந்தப் பிழையை நாமும் செய்தோம் என்பதாலேயே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளுக்கான தடுப்பூசிகளில் இரண்டு தடவைகளுக்கு இடையேயான இடைவெளிக்குக் கீழெல்லை உண்டு, மேலெல்லை இல்லை. குறித்த காலத்துக்கு முன்னர் அடுத்த ஊசியைப் போட்டால் அது கணக்கில் வராது. குறித்த காலம் கடந்து போட்டால் முன்னர் போட்டது அழியாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தத் தாயின் பிள்ளைக்கு அடுத்தது இரண்டாம் ஊசி. அதன்பின் நான்கு வாரமாவது கழித்து மூன்றாம் ஊசி. அவ்வளவுதான்.

அப்படியானால் ஆறுதலாகப் போடலாமே என்று நினைக்க வேண்டாம். பிந்துவதால் ஊசி கெடுவதில்லை. ஆனால் பிந்தும் அந்த நாட்களிற் பிள்ளை அரைகுறைப் பாதுகாப்போடு திரிகிறது. குக்கல் கைக்குழந்தைகளைத்தான் அதிகம் கொல்கிறது.

உடம்பு எப்படிப் படிக்கிறது?

காலிற் காயம் பட்டு அழற்சி கண்டால் அரையில் நெறி கட்டுவதை எல்லோரும் அறிவோம். அந்த நெறிகளே உடம்பின் பள்ளிக்கூடங்கள். தடுப்பூசியில் உள்ள, நோய் தராத கிருமிப் பகுதி அங்கே கொண்டுபோகப்படுகிறது. அதை எதிர்க்கும் அணுக்கள் அங்கே பெருகுகின்றன. பெருகும்போது கிருமியோடு நன்றாகப் பொருந்துபவை தெரிந்தெடுக்கப்பட்டு, பொருந்தாதவை கழிந்துபோகின்றன. இந்தத் தெரிவுக்கு வாரங்கள் செல்லும், சிலவேளை மாதங்களும் செல்லும். முடிவிற் சில அணுக்கள் நினைவு அணுக்களாக உடம்பில் நீண்டகாலம் தங்கிவிடும். இரண்டாம் ஊசி வந்ததும் இந்த நினைவு அணுக்களே விழித்தெழுந்து, முதற் தடவையை விட வேகமாகவும் பலமாகவும் எதிர்ப்பொருளைச் செய்கின்றன.

தெரிவு நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் ஊசியைப் போட்டால், விழித்தெழ வேண்டிய நினைவு அணுக்கள் இன்னும் உருவாகியிராது. அடிக்கட்டுப் பசளை போட்ட மறுநாளே மேற்கட்டுப் பசளையையும் போடுகிற தோட்டக்காரர் எம்மில் எவரும் இல்லை. வேர் பிடிக்க வேண்டும் அல்லவா? இந்த உவமை ஓரிடத்தில் நொண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பயிருக்குப் பருவம் தப்பினால் தப்பினதுதான். நினைவு அணுக்களோ நான்கு மாதம் பிந்தினாலும் ஒரு வருடம் பிந்தினாலும் காத்திருக்கும்.

இதனாலேயே முதற் தொடர் ஊசிகளுக்கு இடையே ஆகக் குறைந்தது நான்கு வாரம் வேண்டும் என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அதற்கு மேல் எவ்வளவு விடுவது என்பதிற்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. எமது நாட்டில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி 2, 4, 6 மாதங்களிற் போடப்படுகிறது. இந்தியாவில் அதே ஊசியை 6, 10, 14 வாரங்களிற் போடுகிறார்கள். இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டிலிருந்து 2, 3, 4 மாதங்கள். டென்மார்க்கில் 3, 5, 12 மாதங்கள். யார் சரி?

எல்லோரும் சரி என்பதே பதில். இடைவெளியைக் கூட்டினால் எதிர்ப்பு பலமாகும். ஆனால் பிள்ளை காத்திருக்கும் காலமும் கூடும். இடைவெளியைக் குறைத்தால் பாதுகாப்பு விரைவிற் கிடைக்கும். ஆனால் அது சற்று மெலிந்ததாக இருக்கும், பின்னர் ஓர் ஊக்க ஊசியால் ஈடுசெய்ய வேண்டும். குக்கல் கைக்குழந்தையை விரைவிற் பிடிக்கும் நாடு அவசரப்படும். நோய் அரிதாகிவிட்ட நாடு பொறுத்திருக்கலாம். எமது நாட்டில் ஊக்க ஊசி 18ஆம் மாதத்திலும், பின்னர் 5 வயதிலும் வருவது இதனாலேயே.

சின்னமுத்துக் கதை

இந்த இழுபறியை எமது நாடே பட்டுத் தெளிந்த கதை ஒன்று உண்டு.

சின்னமுத்து ஊசி இலங்கையில் 1984ஆம் ஆண்டிலிருந்து 9 மாதத்தில் ஒரேயொரு தடவை போடப்பட்டு வந்தது. ஏன் 9 மாதம்? தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் கருவிலிருக்கும் பிள்ளைக்குச் சேர்ந்து, பிறந்த பின்னும் சில மாதங்கள் காக்கிறது. அதே எதிர்ப்பொருள் ஊசியில் உள்ள வலுக்குறைந்த கிருமியையும் கொன்றுவிடும். பிள்ளையின் உடம்பு அதனிடமிருந்து ஒன்றும் படிக்காது. கோழி வளர்ப்போருக்கு இது புதிதல்ல. ஊசி போட்ட கோழியின் குஞ்சுக்கு மிகவும் முந்தி மருந்து கொடுத்தால் பிடிக்காது என்பதை அவர்கள் அறிவார்கள்.

9 மாதத்திற் போட்டால் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 85 பேருக்குப் பிடிக்கும். 12 மாதத்திற் போட்டால் 95 பேருக்குப் பிடிக்கும். அப்படியென்றால் 12 மாதத்திற் போடுவதுதானே நல்லது? ஆனால் அந்த மூன்று மாதத்துக்குள் சின்னமுத்து வந்தால்? கேள்வி இதுதான்.

ஒரு தடவை ஊசியிற் பிடிக்காமற் போன பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போனார்கள். 1999, 2000ஆம் ஆண்டுகளில் நாட்டிற் பெரிய சின்னமுத்துப் பரவல் உண்டாகி, ஏறத்தாழ 15,000 பேர் நோயுற்றனர். 2001ஆம் ஆண்டில் மூன்று வயதில் இரண்டாம் தடவை சேர்க்கப்பட்டது. இந்த இரண்டாம் தடவையை ஊக்க ஊசி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது முதற் தடவை பிடிக்காதவர்களுக்குக் கொடுக்கும் இரண்டாம் சந்தர்ப்பம்.

2011ஆம் ஆண்டில் கூவைக்கட்டுக்கும் ஜேர்மன் சின்னமுத்துக்கும் சேர்த்து மூன்று நோய்களுக்கான ஊசி வந்தது. அப்போது முதற் தடவையை 12 மாதத்துக்குத் தள்ளினார்கள். கணக்குப்படி அது நியாயம். ஆனால் 2013ஆம் ஆண்டிற் சின்னமுத்து மீண்டும் பரவியபோது நோயுற்றவர்களில் ஒரு வயதை எட்டாத குழந்தைகள் பலர். அதற்கு ஒரு காரணம் தாய்மாரிலேயே இருந்தது. எமது பெத்தாச்சிமார் சின்னமுத்து வந்து மாறியவர்கள். அவர்களின் எதிர்ப்பொருள் பலமானது, பிள்ளையிடம் நெடுநாள் தங்கும். இன்றைய தாய்மாரின் எதிர்ப்பு ஊசியாற் கிடைத்தது. அது பிள்ளையிடமிருந்து சீக்கிரம் வற்றிவிடுகிறது. ஆகவே 2015ஆம் ஆண்டில் முதல் ஊசியை மீண்டும் 9 மாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் ஊசி 3 வயதிலேயே நின்றது. 2019ஆம் ஆண்டில் நாட்டிற் சின்னமுத்து நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆனால் 2023ஆம் ஆண்டில் நோய் திரும்பவும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில் யாழ்ப்பாணம் உட்பட 9 மாவட்டங்களில் 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போடப்பட்டது. அப்போது ஊசி பெற்ற பிள்ளைகளின் தாய்மார், “இனி ஒன்பதாம் மாதத்து ஊசி வேண்டாமோ?” என்று கேட்டது நியாயமான கேள்வி. வேண்டும் என்பதே விடை. 9 மாதத்துக்கு முந்திய ஊசி ஆபத்துக் காலத்துக்கான குடை மட்டுமே, அது கணக்கிற் சேராது. 9 மாதத்திலும் 3 வயதிலும் போட வேண்டியவை அப்படியே உள்ளன.

வழமையை விட்டுத் திரும்பிப் போவதை ஆட்கள் தடுமாற்றம் என்று பேசுகிறார்கள். நாம் அப்படி எண்ணவில்லை. மழை பிந்தினால் விதைப்பைத் தள்ளுகிறவனை யாரும் மூடன் என்பதில்லையே.

2021இல் உலகமே கேட்ட கேள்வி

கொவிட் காலத்தில் இந்த இடைவெளி விவாதம் முழு உலகத்தையும் பிடித்துக்கொண்டது. 2020 டிசம்பர் 30இல் இங்கிலாந்து, இருக்கிற ஊசியைக் கொண்டு ஆகக் கூடுதலானோருக்கு முதற் தடவை கொடுப்பதற்காக, இரண்டாம் தடவையைப் 12 வாரம் வரை தள்ளியது. பலர் கண்டித்தனர். பின்னர் வெளிவந்த ஆய்வில் அஸ்ட்ரா செனெகா ஊசிக்கு 6 வாரத்துக்குக் குறைந்த இடைவெளியில் 55 வீதப் பாதுகாப்பும், 12 வாரமோ அதற்கு மேலோ விட்டபோது 81 வீதப் பாதுகாப்பும் காணப்பட்டது. இந்தியாவும் கொவிஷீல்ட் ஊசியின் இடைவெளியை 4 முதல் 6 வாரத்திலிருந்து, மார்ச்சில் 6 முதல் 8 வாரத்துக்கும், மே மாதத்தில் 12 முதல் 16 வாரத்துக்கும் கூட்டியது.

அதே மே மாதத்தில் இங்கிலாந்து எதிர்த்திசையிற் திரும்பி, 50 வயதுக்கு மேற்பட்டோருக்கு 12 வாரத்தை 8 ஆகக் குறைத்தது. டெல்ற்றா என்ற புதிய வகைக் கிருமிக்கு ஒரேயொரு தடவை ஊசி போதிய காவல் தராததே காரணம். நோய் வாசலில் நிற்கும்போது பலமான எதிர்ப்புக்காகக் காத்திருப்பதிற் பயனில்லை.

எமது நாட்டில் இந்தத் தீர்மானத்தை எடுக்கும் சுதந்திரம்கூட இருக்கவில்லை. 2021 ஜனவரி 29இல் கொவிஷீல்ட் போடத் தொடங்கி 9 இலட்சத்துக்கு மேற்பட்டோர் முதற் தடவை பெற்றனர். இந்தியாவில் நோய் பெருகி ஏற்றுமதி நின்றதும், ஏறக்குறைய 6 இலட்சம் பேர் இரண்டாம் ஊசியின்றி மாதக்கணக்கிற் காத்திருந்தனர். யூலை இறுதியில் யப்பானிலிருந்து ஊசி வந்த பின்னரே அவர்களுக்கு விடிவு. அவர்களில் எவரையும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வில் 45 வாரம் வரை பிந்திய இரண்டாம் தடவையும் நன்றாக வேலை செய்தது. யாழ்ப்பாணத்துக்கு 2021 மே இறுதியில் வந்தது சினோபார்ம் ஊசி. அதற்கு நான்கு வார இடைவெளி. ஒரே வீட்டிலே கொழும்பிலிருந்து வந்த மகனுக்கு ஓர் இடைவெளியும் தாய்க்கு வேறோர் இடைவெளியுமாக இருந்ததற்கு மருந்து வேறு என்பதே காரணம்.

பிந்தவே கூடாத ஊசி

மேலே சொன்ன கணக்கு ஓரிடத்திற் பொருந்தாது. நாய் கடித்த பின் போடும் விசர்நாய்க்கடி ஊசி நோய் வருமுன் போடுவதல்ல, கிருமி உட்புகுந்த பின் அதோடு ஓட்டப்போட்டியாகப் போடுவது. கடித்த நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள் என முதல் வாரத்திலேயே மூன்று தடவைகள் உண்டு, அதன்பின்னும் உண்டு. வெட்டு முடியட்டும், சந்தை முடியட்டும் என்று இதில் ஒரு நாளும் தள்ளக்கூடாது. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஏற்புவலி ஊசி இதற்கு மறுதலை. விடுவிக்கப்பட்ட காணிகளைத் துப்புரவாக்கப் போகிறவர்கள் பலர். பற்றைக்குள் துருப்பிடித்த முட்கம்பி, தகரம், ஆணி எல்லாம் கிடக்கும். மண்வெட்டி காலிற் படுவதும் புதினமல்ல. சிறுவயதில் ஊசி எடுக்காத பெரியவர்கள் முதல் ஊசிக்கு நான்கு வாரத்தின் பின் இரண்டாவதும், ஆறு மாதத்தின் பின் மூன்றாவதும் போடலாம். அதன்பின் ஒவ்வொரு வருட இடைவெளியில் இரண்டு. இந்த ஐந்தும் பல பத்து ஆண்டுகள் காக்கும். நடுவிற் பெயர்ந்து போனாலும் எண்ணிக்கை அழியாது. பத்து வருடத்துக்கு முன் இரண்டு போட்டவர் இன்று போடுவது மூன்றாவதே.

அட்டை தொலைந்தவர்களுக்கு

1995இலும் அதன் பின்னரும் எத்தனையோ பிள்ளைகளின் அட்டை பாதையிற் தொலைந்தது. பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு இல்லையென்று கிளினிக்குக்குப் போக வெட்கப்பட வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரின் பதிவிலும் ஊசி போட்ட கிளினிக்கின் பதிவிலும் விபரம் இருக்கும். முன்பிருந்த ஊரின் பெயரையும் மாதத்தையும் சொன்னாற் தேடிப்பார்ப்பார்கள். எங்கும் பதிவு கிடைக்காவிட்டால், போடவில்லை என்று கருதி வயதுக்கேற்ற ஊசிகளைத் தொடங்குவார்கள். ஒருவேளை முன்னரே போட்டிருந்தாலும் மேலதிகமான ஒன்றாற் பெரிய தீங்கு வராது. கை சற்று வீங்கலாம், காய்ச்சல் ஒருநாள் இருக்கலாம். ஏழு வயதைக் கடந்த பிள்ளைக்குக் குக்கல் பகுதி நீக்கிய வேறு ஊசி இருக்கிறது. வயது போய்விட்டதென்று எவரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு விடயங்கள் தாய்மார் அடிக்கடி கேட்பவை. விட்டுப்போன வெவ்வேறு ஊசிகளை ஒரே நாளில் வெவ்வேறு இடத்திற் போடலாம். ஒரே ஊசியின் இரண்டு தடவைகளைத்தான் ஒரே நாளிற் போடக்கூடாது. உயிர்க்கிருமி ஊசிகளான 9 மாதத்துச் சின்னமுத்து ஊசியும் 12 மாதத்து யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் ஒன்றாய்ப் போடப்பட வேண்டும், அல்லது நான்கு வாரம் தள்ளிப் போடப்பட வேண்டும். ஆகவே முன்னது பிந்தினால் பின்னதன் திகதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண தடிமனும் இலேசான வயிற்றோட்டமும் ஊசியைத் தள்ளக் காரணமாகா.

போர்க்காலத்தில் இத்தனை தடையிலும் ஒரு காரியம் நடந்தது. 1990களின் பிற்பகுதியில், போலியோ ஒழிப்பு நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கிகளை ஓய்த்து வைத்தன. பிள்ளைகளின் வாயிற் துளி மருந்து விடப்பட்டது. ஒரு நாளோடு முடியாது, வாரங்கள் விட்டு இன்னொரு நாளும் வேண்டும் என்பதால் அமைதி நாளும் இரண்டு வேண்டியிருந்தது. 1993ஆம் ஆண்டுக்குப் பின் இந்த நாட்டில் இளம்பிள்ளைவாதம் எந்தப் பிள்ளையையும் முடமாக்கவில்லை.

கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தாய் அடுத்த கிளினிக் நாளிற் பிள்ளையைக் கொண்டுபோனார். மிஸ்ஸி பதிவேட்டைப் பார்த்து இரண்டாம் ஊசியைப் போட்டு, நான்கு வாரம் கழித்து மூன்றாவதற்கும், அதற்குள் ஒன்பது மாதம் முடிவதாற் சின்னமுத்து ஊசிக்கும் சேர்த்து ஒரே திகதியை எழுதிக் கொடுத்தாராம். வீட்டில் அதை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டோம். வலிகாமத்துக் காணி உறுதி இருக்கும் பொலித்தீன் பைக்குள் என்றார்.